குளிர்காலத்தில் வீட்டுக்குள் பூக்கும் கிழங்குகள்: எதை, எப்போது நடுவது?

சன்னலோரம் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். மூட்டுவலி காரணமாக என் மாமியார் குளிர்மாதங்களில் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. பகலில் பெரும்பாலான நேரம் வெளிச்சம் நன்றாக வரும் ஒரு சன்னலருகே அமர்ந்திருப்பார். தோட்டம் வெறுமையாகிவிடும் டிசம்பர் தொடங்கி பிப்ரவரி முடியும் வரை அந்தச் சன்னல் மேடையில் ஏதாவதொரு பூ மலர்ந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. துலிப், ஹயசிந்த், டாஃபோடில் போன்றவற்றின் கிழங்குகளைத் தொட்டியில் நட்டு வீட்டுக்குள்ளேயே பூக்கச் செய்யலாம் என்று படித்தேன். ஆனால் அவற்றைப் பல வாரங்கள் குளிரில் வைக்க வேண்டும் என்று சிலரும், நட்டுத் தண்ணீர் ஊற்றினாலே போதும் என்று வேறு சிலரும் சொல்கிறார்கள். இப்போது அக்டோபர் முதல் வாரம். எதை, எப்போது நட வேண்டும்? குளிர் உண்மையிலேயே தேவையா? வீட்டில் ஒரு பூனையும் இருக்கிறது.

வேர்மண்:

சகோதரி, நீங்கள் கேட்ட இரண்டு கருத்துகளும் சரியானவையே. அவை வெவ்வேறு கிழங்குகளைப் பற்றியவை.

துலிப், டாஃபோடில், ஹயசிந்த், குரோக்கஸ் ஆகியவற்றுக்குக் குளிர் கட்டாயம் தேவை. நீங்கள் வாங்கும் நல்ல கிழங்கினுள் வரும் பருவத்துக்கான பூமொட்டு மிகச் சிறிய வடிவில் ஏற்கனவே உருவாகியிருக்கும். அந்த மொட்டைத் தூக்கிக்கொண்டு தண்டு நீண்டு வளர வேண்டுமானால், கிழங்கு பல வாரங்கள் குளிர்ந்த நிலையில் இருந்தாக வேண்டும். அக்காலத்தில் கிழங்கில் சேர்ந்துள்ள மாவுப்பொருளில் ஒரு பகுதி சர்க்கரையாக மாறுகிறது. ஈரமண்ணில் நட்டிருந்தால், மேலே எதுவும் தெரியாதபோதே வேர்கள் தொட்டியை நிரப்பிவிடுகின்றன. குளிர் போதாமல் போனால் பூ இலைகளுக்கிடையே மண்ணை ஒட்டிக் குட்டையாக மலரும், அல்லது மொட்டு விரியாமலே காய்ந்துவிடும். எனவே மற்ற எதில் சிக்கனம் பிடித்தாலும் குளிர் வாரங்களில் மட்டும் பிடிக்காதீர்கள்.

வெப்பநிலை 2 முதல் 9 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். துலிப், டாஃபோடில் இரண்டுக்கும் 12 முதல் 16 வாரங்கள் வரை தேவைப்படும்; ஹயசிந்த் அதைவிடச் சற்றுக் குறைவாகவே கேட்கும். பூ வேண்டிய நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவதே நல்ல வழி. இந்த வாரம் நட்டு 14 வாரங்கள் குளிரில் வைத்தால் ஜனவரி நடுவில் வெளியே எடுக்கலாம். அதன்பின் மூன்று நான்கு வாரங்களில், அதாவது பிப்ரவரி முதல் பாதியில், பூ வரும். எல்லாத் தொட்டிகளையும் ஒரே நாளில் எடுத்துவிடாமல் வாரத்துக்கு ஒன்றாக எடுத்தால், மாத இறுதி வரை சன்னல் மேடை காலியாகாது.

தண்ணீர் தேங்காத கலவையில், கிழங்குகளின் நுனி மண்மட்டத்தில் தெரியும்படி நெருக்கமாக நடுங்கள். துலிப் கிழங்கின் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். அந்தப் பக்கம் தொட்டியின் விளிம்பைப் பார்த்திருந்தால் முதல் பெரிய இலை வெளிப்புறமாக விரிந்து தொட்டிக்கு அழகு சேர்க்கும். ஹயசிந்த் கிழங்கைத் தொட்டால் பலருக்குக் கை அரிக்கும் என்பதால் கையுறை அணிந்துகொள்ளுங்கள். வெப்பமூட்டப்படாத, ஆனால் உறைந்துபோகாத அறை இருந்தால் தொட்டிகளை அங்கே இருட்டில் வைத்து, மண் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குளிர்பதனப் பெட்டியிலும் வைக்கலாம், ஆனால் அதனுள் ஆப்பிள் போன்ற பழங்கள் இருக்கவே கூடாது; பழுக்கும் பழங்கள் வெளியிடும் எத்திலீன் வாயு கிழங்கினுள் இருக்கும் மொட்டைக் கெடுத்துவிடும்.

வெளியே எடுத்தவுடன் சூடான அறைக்குக் கொண்டுபோக வேண்டாம். வெளிறிய முளைகள் பச்சையாகும் வரை 10 முதல் 15 டிகிரி வரையுள்ள வெளிச்சமான இடத்தில் வைத்துவிட்டு, பிறகு மாமியாரின் அறைக்கு மாற்றுங்கள். பூத்தபின் இரவில் மட்டும் குளிர்ச்சியான இடத்துக்கு நகர்த்தினால் பூக்கள் கூடுதல் நாட்கள் நிற்கும்.

செங்கொத்து:

மேலே சொன்னவை அனைத்தும் சரி. ஆயினும் முதல் ஆண்டிலேயே துலிப்பை மட்டும் நம்பி இருக்க வேண்டாம் என்பது என் கருத்து. வீட்டுக்குள் பூக்க வைப்பதில் அதுதான் மிகவும் பொறுமையைச் சோதிப்பது. டிசம்பருக்கு அமரில்லிஸ் வாங்குங்கள். கடைகளில் அந்தப் பெயரில் கிடைப்பது தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட ஹிப்பியாஸ்ட்ரம்; அதைக் குளிரில் வைக்கத் தேவையில்லை. கிழங்கைவிடச் சற்றே அகலமான, கனமான தொட்டியில், கிழங்கின் மேற்பகுதி மூன்றில் ஒரு பங்காவது வெளியே தெரியும்படி நட்டு, ஒரு முறை நன்றாகத் தண்ணீர் ஊற்றி, முளை தெரியும் வரை மிகக் குறைவாகவே ஊற்றுங்கள். சுமார் 21 டிகிரி வெப்பத்தில் பொதுவாக ஆறு முதல் எட்டு வாரங்களில் பூக்கும். தண்டு வெளிச்சத்தை நோக்கிச் சாயும் என்பதால் தொட்டியை அவ்வப்போது திருப்பி வைக்க வேண்டும்.

ஓரிடத்திலேயே அமர்ந்திருப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான செடி எனக்குத் தெரியவில்லை. தண்டு ஒவ்வொரு நாளும் கண்ணுக்குத் தெரியும்படி உயர்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்; அந்தக் காத்திருப்பும் அவருக்கு ஒரு துணையாக இருக்கும்.

கூழாங்கல்:

குளிர் தேவைப்படாத இன்னொன்று பேப்பர்ஒயிட் நார்சிசஸ். கண்ணாடிக் கிண்ணத்தில் கூழாங்கற்களைப் பரப்பிக் கிழங்குகளை அமர்த்தி, அவற்றின் அடிப்பாகத்தைத் தண்ணீர் எட்டும் அளவுக்கு மட்டும் ஊற்றினால், நான்கு முதல் ஆறு வாரங்களில் கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூக்கள் வரும். கிழங்கே தண்ணீரில் மூழ்கினால் அழுகிவிடும்.

இதன் குறை, செடி உயர்ந்து சாய்ந்துவிடுவது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் வில்லியம் மில்லரும் அவர் குழுவினரும் 2006இல் இதற்கு ஓர் எளிய தீர்வை வெளியிட்டனர். வேர் பிடித்து, முளை சில சென்டிமீட்டர் வளர்ந்தபின், வெறும் தண்ணீரை வடித்துவிட்டு 4 முதல் 6 சதவீத ஆல்கஹால் கலந்த தண்ணீரை ஊற்றினால், பூவின் அளவு குறையாமல் தண்டு மட்டும் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குட்டையாகிறது. 40 சதவீத மதுவானால் ஒரு பங்குக்கு ஏழு பங்கு தண்ணீர் சேர்க்க வேண்டும். சர்க்கரை இருப்பதால் பீரும் ஒயினும் உதவாது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: இதன் மணம் மிகவும் கனமானது. சிலருக்கு அது தலைவலியைத் தரும் என்பதால், மாமியாரின் அறையில் வைக்கும் முன் ஒரு பூவை அவரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சன்னலோரம்:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. டிசம்பருக்கு அமரில்லிஸும், பிப்ரவரிக்கு டாஃபோடிலும் சில ஹயசிந்த்துகளும் என்று முடிவு செய்திருக்கிறேன். பூத்து முடிந்தபின் கிழங்குகளை என்ன செய்வது? பூனையைப் பற்றியும் யாராவது சொன்னால் நிம்மதியாக இருக்கும்.

வேர்மண்:

பூனையைப் பற்றி நானே முதலில் சொல்லியிருக்க வேண்டும். இங்கே பேசிய எல்லாக் கிழங்குகளும் பூனைக்கு நஞ்சுதான். இலையைவிடக் கிழங்கில் நஞ்சு அதிகம். அது ஏறவே முடியாத இடத்தில் வையுங்கள். கதவை மூடிவைக்கக்கூடிய அறையாக இருந்தால் இன்னும் நல்லது. அசல் லில்லியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அதன் மகரந்தத்தை நக்கினால்கூடப் பூனையின் சிறுநீரகம் செயலிழந்துபோகலாம்.

தண்ணீரில் மட்டும் வளர்த்த கிழங்குகள் சத்தை இழந்திருக்கும்; அவற்றை உரக்குழியில் சேர்த்துவிடலாம். மண்ணில் வளர்த்த டாஃபோடிலின் இலைகள் தாமாக மஞ்சளாகும் வரை தண்ணீர் ஊற்றி வந்து, பின்னர் தோட்டத்தில் நட்டால் ஓரிரு ஆண்டுகளில் மீண்டும் பூக்கும். அதே கிழங்கை அடுத்த குளிர்காலத்திலும் வீட்டுக்குள் பூக்க வைக்க முயல வேண்டாம்.

அமரில்லிஸ் பல ஆண்டுகள் உங்களோடு இருக்கக்கூடியது. பூத்தண்டை மட்டும் வெட்டிவிட்டு, இலைகளுக்குக் கோடை முழுவதும் நல்ல வெளிச்சமும் உரமும் கொடுங்கள். இலையுதிர் காலத்தில் தண்ணீரை நிறுத்தி, சுமார் 13 டிகிரி குளிர்ச்சியில் எட்டு முதல் பத்து வாரங்கள் ஓய்வளித்து, மறுபடியும் வெதுவெதுப்பான இடத்துக்குக் கொண்டுவந்து தண்ணீர் ஊற்றத் தொடங்கலாம்.