சேஞ்ச் ஓவருக்கு ஒரு தமிழ்ச் சொல்: 'வரவுமாற்றி'

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

மருத்துவமனை மின்பணியாளர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிவருகிறேன். மின்வாரிய மின்சாரம் நின்றதும் கட்டடத்தின் முக்கியச் சுற்றுகளை ஜெனரேட்டருக்கு மாற்றிவிடும் கருவிக்குப் பெயர் கேட்டிருந்தேன். பொறியாளர்கள் அதை டிரான்ஸ்ஃபர் சுவிட்ச் என்பார்கள். பணியிடத்தில் அது சேஞ்ச் ஓவர்தான். நீங்கள் அனுப்பிய சொற்களை வரைவில் ஒவ்வொன்றாகப் பொருத்திப் படித்துப் பார்த்ததில் தோன்றியவற்றை எழுதுகிறேன்.

'நிலைமாற்றி' என்ற சொல்லை நானும் முதலில் ஏற்றிருந்தேன். ஆனால் இலங்கைப் பாடநூல்களில் நிலைமாற்றி என்றால் டிரான்ஸ்ஃபார்மர். சுவிட்ச்சுக்கு அங்கே ஆளி என்ற நல்ல சொல் இருக்கிறது. தமிழ்நாட்டில் டிரான்ஸ்ஃபார்மர் மின்மாற்றி ஆகிவிட்டாலும், இரு சொற்களும் ஒத்து ஒலிப்பதால் இங்கும் குழப்பம் தீரவில்லை. "நிலைமாற்றியை 0 நிலைக்குக் கொண்டுவரவும்" என்ற வரியை முப்பது ஆண்டு அனுபவமுள்ள மின்பணியாளர் ஒருவரிடம் காட்டியபோது, அவர் சன்னல் வழியாக வளாகத்தில் நின்ற டிரான்ஸ்ஃபார்மரைக் கைகாட்டி, அதற்கு ஏது 0 நிலை என்று கேட்டார். அத்துடன் அச்சொல்லை விட்டுவிட்டேன்.

'மடைமாற்றி' என்ற பரிந்துரை அழகானது. அதைக் கைவிட எனக்கு மனமே வரவில்லை. எனினும் மடை மாற்றும்போது ஒரே வாய்க்கால் நீர் ஒரு வயலை விட்டு இன்னொரு வயலுக்குப் போகிறது. இங்கே நடப்பது நேர்மாறு: வயல் ஒன்று, நீர்வரத்து இரண்டு. அதைவிட முக்கியமாக, கால்வாய் நீரும் கிணற்று நீரும் ஒரே வாய்க்காலில் கலந்தால் கெடுதல் ஏதுமில்லை. இந்த இரண்டு மின்சாரங்களும் கட்டுப்பாடின்றிக் கலந்தால் உயிர்போகும். மின்வாரிய இணைப்பு துண்டிக்கப்படாத நிலையில் ஜெனரேட்டரை ஓட்டினால், அதன் 415 வோல்ட் தெருவிலுள்ள டிரான்ஸ்ஃபார்மருக்குள் பின்வழியாக ஏறி, மறுபுறத்தில் ஏறத்தாழ 11,000 வோல்ட்டாக வெளிவரும். மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருப்பவர் அந்தக் கம்பியைத்தான் தொடுவார். இந்தக் கருவி இருப்பதற்கு முதற்காரணமே இதுதான் என்பதால், 'மாறுகிறது' என்பதோடு 'எது மாறுகிறது' என்பதும் பெயரில் தெரிய வேண்டும்.

ஆகவே நான் முன்வைப்பது 'வரவுமாற்றி'. கரண்ட் வந்துவிட்டது, கரண்ட் போய்விட்டது என்றுதான் நாம் நாள்தோறும் பேசுகிறோம். பலகையில் இன்கமிங் என்று எழுதியிருப்பதும் அந்த வரவைத்தான். இக்கருவிக்கு இரண்டு வரவுகளும் ஒரு செலவும் உண்டு. எந்த வரவிலிருந்து எடுப்பது என்பதை மட்டும் அது மாற்றுகிறது. வினையாக்கினாலும் சொல் தடுக்குவதில்லை: "ஜெனரேட்டருக்கு வரவை மாற்றுங்கள்" என்றதும் அந்தப் பணியாளர் கைப்பிடியை நோக்கித்தான் திரும்பினார். மின்னழுத்தம் விழுந்ததை உணர்ந்து, ஜெனரேட்டரைக் கிளப்பி, அதன் அழுத்தமும் அதிர்வெண்ணும் நிலைப்படும்வரை பொறுத்திருந்து தானே மாறும் வகையைத் தானியங்கி வரவுமாற்றி எனலாம். ஒரு பக்கம் மூடியிருக்கையில் மறுபக்கத்தை மூடவிடாத இரும்பு அமைப்புக்குப் 'பிணைப்பூட்டு' என்று வைத்திருக்கிறேன்.

கைப்பிடியில் 1, 0, 2 என மூன்று நிலைகள் இருக்கும். நடுவிலுள்ள, எந்த வரவும் இணையாத 0 நிலையை 'நடுநிலை' என்று எழுதலாம் என்ற கருத்தை நான் உறுதியாக மறுக்கிறேன். நடுநிலைக் கம்பி என்றால் நியூட்ரல் என்று படித்தவர் அதைத் தவறாகவே புரிந்துகொள்வார். அதற்கு 'வெற்றுநிலை' போதும். ஒரு வரவை முழுதாக விட்டபின் மற்றதைப் பிடிப்பதை 'விட்டு மாற்றல்' என்றும், இரண்டையும் ஒத்திசைவித்து ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு போன்ற மிகக் குறுகிய நேரம் சேரவிட்டு மாற்றுவதைத் 'தொட்டு மாற்றல்' என்றும் பிரித்துச் சொல்லலாம்.

இனி, கிரிட்டிக்கல் லோடு, அதாவது மின்சாரம் நின்றால் ஆபத்தாகும் விளக்குகளும் கருவிகளும். அகராதியைப் பார்த்து 'மாறுநிலைச் சுமை' என்று எழுதியிருந்த நண்பருக்கு: மாறுநிலை வெப்பநிலை (கிரிட்டிக்கல் டெம்பரேச்சர்) என்னும் இயற்பியல் பொருள் இங்கே பொருந்தாது. எனக்கு ஒரு சொல் போதவில்லை, இரண்டு வேண்டும். அமெரிக்கத் தேசிய மின் நெறிமுறையின் 700ஆம் பிரிவு, அவசரகாலச் சுற்றுகளுக்கு 10 நொடிக்குள் மாற்று மின்சாரம் வர வேண்டும் என்கிறது. படிக்கட்டு விளக்கு அந்தப் பத்து நொடியைத் தாங்கும். அறுவை மேசைக்கு மேலுள்ள விளக்கு தாங்காது. சற்றுப் பொறுக்கக்கூடியதை 'இன்றியமையாச் சுமை' என்றும், இமைப்பொழுதும் அறாமல் மின்கலத் துணையோடு ஓட வேண்டியதை 'விடாச் சுமை' என்றும் அழைக்கலாம். விடாமழை, விடாக்காய்ச்சல் என்று வழங்கும் மொழிக்கு இது புதிதல்ல. பணியாளருக்கும் இந்த வேறுபாடு தெரிந்தால்தான் எந்தச் சுற்றை எந்தப் பலகையில் சேர்ப்பது என்பதில் பிழை நேராது.

ஜெனரேட்டரை மின்னாக்கி, மின்பிறப்பாக்கி என்று இருகரைகளிலும் வேறுவேறாக எழுதுவதால் அதை அப்படியே விட்டிருக்கிறேன். தெருக்கம்பிக்குள் மின்சாரம் பின்வழியாக ஏறுவதற்குப் 'பின்னூட்டம்' என்ற சொல் வேறு பொருளில் நிலைத்துவிட்டதால் 'பின்னேற்றம்' என்று தற்காலிகமாக எழுதியுள்ளேன்; இதைவிடத் தெளிவான சொல் இருந்தால் சொல்லுங்கள். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு நண்பர்கள் 'வரவுமாற்றி'யை 'வரவாளி' என்று சுருக்குவது அங்கே இயல்பாக ஒலிக்குமா என்றும் எழுத வேண்டுகிறேன்.