பழைய சராசரியை நம்பி எழுதிய ஆற்று நீர் ஒப்பந்தங்கள் இனித் தாங்குமா?

கேள்வி:
இந்தியாவும் வங்கதேசமும் 1996 டிசம்பரில் முப்பது ஆண்டுக் காலத்துக்கெனக் கையெழுத்திட்ட கங்கை நீர்ப் பங்கீட்டு ஒப்பந்தத்தின் அட்டவணை, 1949 முதல் 1988 வரை மேற்கு வங்கத்தில், எல்லைக்கு அருகேயுள்ள ஃபராக்கா தடுப்பணைக்கு வந்த நீரின் சராசரியை அடிப்படையாகக் கொண்டது. மழைக்காலமும் பனிப்பாறைகள் உருகும் வேகமும் மாறிவரும்போது, அந்தச் சராசரியை வைத்து அண்டை நாடுகள் எப்படி நீரைப் பங்கிட்டுக்கொள்ள முடியும்?

பதில் 1:
சராசரி பழையதாக இருப்பதைவிட, பற்றாக்குறைக்கான விதி இல்லாமலிருப்பதே பெரிய குறை என்பேன். நீங்கள் குறிப்பிடும் ஒப்பந்தப்படி, வரத்து நொடிக்கு 70,000 கன அடி வரை இருந்தால் இரு நாடுகளுக்கும் சரிபாதி. 50,000-க்கும் கீழே இறங்கினால் உடனடியாகக் கலந்து பேச வேண்டும். பேசி யார் எவ்வளவு குறைத்துக்கொள்வது என்ற அளவு அதில் இல்லை. வறட்சி முற்றிய பிறகு தொடங்கும் பேச்சில் விட்டுக்கொடுக்க எவரிடமும் நீர் இருக்காது.

அமெரிக்காவிலிருந்து மெக்சிகோவுக்குப் பாயும் கொலராடோ ஆற்றில் நடந்ததை இதனோடு ஒப்பிடலாம். 1944-ஆம் ஆண்டு ஒப்பந்தம் மெக்சிகோவுக்கு ஆண்டுக்கு 15 லட்சம் ஏக்கர்-அடி (ஓர் ஏக்கர் பரப்பில் ஓரடி ஆழத்துக்கு நிற்கும் நீர் ஓர் ஏக்கர்-அடி) நீரை உறுதி செய்தது. கடும் வறட்சியில் குறைக்கலாம் என்றதே தவிர, எது கடும் வறட்சி என்று வரையறுக்கவில்லை. மூல ஒப்பந்தத்தைத் தொடாமல், 2012-இலும் 2017-இலும் செய்துகொண்ட துணை உடன்பாடுகள் அதற்கு ஓர் அளவுகோலை வைத்தன: அந்த ஆற்றின் அமெரிக்க நீர்த்தேக்கமான மீட் ஏரியின் நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 1,075 அடிக்குக் கீழே போகும் என்று கணிக்கப்பட்டால், அமெரிக்க மாநிலங்களோடு மெக்சிகோவும் முன்பே ஒப்புக்கொண்ட அளவைக் குறைத்துக்கொள்ளும். மெக்சிகோ தான் மிச்சப்படுத்தும் நீரை அமெரிக்க அணைகளிலேயே தேக்கி வைத்துக்கொள்ளவும் வழி செய்யப்பட்டது. 2022-இல் இந்தக் குறைப்பு முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது.

பதில் 2:
அளவுகோல் வைப்பது சரிதான், ஆனால் அளப்பவரை மற்றவர் நம்ப வேண்டுமே. டோக்லாம் எல்லைப் பதற்றம் நிலவிய 2017-இல், பிரம்மபுத்திராவின் வெள்ளக்கால நீரளவுத் தகவல்களைச் சீனா இந்தியாவுக்கு அளிக்கவில்லை. மீகாங் ஆற்றின் நான்கு கீழ்ப்படுகை நாடுகள் 1995-இல் ஆணையம் அமைத்துக்கொண்டன. மேற்பகுதியில் அணைகளை வைத்திருக்கும் சீனா அதன் உறுப்பினர் அல்ல, ஆண்டு முழுவதற்குமான தகவலைத் தர 2020-இல்தான் இசைந்தது. நீரையன்றி ஆறுகளையே பிரித்துக்கொண்ட 1960-ஆம் ஆண்டின் சிந்து ஒப்பந்தம் இந்திய-பாகிஸ்தான் போர்களைத் தாங்கி நின்றது. அதையும் 2025 ஏப்ரலில் இந்தியா நிறுத்தி வைத்தது. அரசியல் கெட்டால் முதலில் நிற்பது தகவல்தான், அதுவும் மிகத் தேவைப்படும் நேரத்தில்.

பதில் 3:
அணையே பொதுச் சொத்தாக இருந்தால் இந்த அவநம்பிக்கை ஓரளவு குறையும். சகாரா பாலைவனத்தின் தென்விளிம்பான சாகேல் பகுதியை வறட்சி வாட்டிய 1972-இல் மாலி, மௌரித்தானியா, செனகல் ஆகியவை செனகல் ஆற்றுக்கென ஒரு கூட்டு அமைப்பை நிறுவின. கினி 2006-இல் சேர்ந்தது. மாலிக்குள் இருக்கும் மனந்தாலி அணை மூன்று நாடுகளின் கூட்டுடைமை. செலவைப் பயனுக்கேற்பப் பகிர்ந்துகொண்டார்கள். 2002-இல் ஏற்ற நீர்ச் சாசனம் நாட்டுக்கு இவ்வளவு என்று பங்கு போடாமல், பாசனம், மின்சாரம், குடிநீர் என்று தேவை வாரியாக நீரை ஒதுக்குகிறது. ஆகவே வரத்து குறைந்தாலும் எந்த நாட்டின் பங்கு பறிபோனது என்ற கேள்வி அவ்வளவாக எழுவதில்லை.

இதற்கும் விலை உண்டு. வெள்ளம் வடிந்த ஈர நிலத்தில் பயிரிட்டு வந்த ஆற்றங்கரை விவசாயிகள், அணை வந்தபின் அந்த இயற்கை வெள்ளத்தை இழந்தார்கள்; அரசுகளுக்கிடையே நல்லிணக்கம் இருந்தும் அவர்களுடைய தேவை மின்சாரத்துக்குப் பின்னால்தான் வைக்கப்பட்டது.