சம், சம்மரி ரெண்டும் சொந்தமா?

டியூஷன் அக்கா: காரைக்குடில வீட்லயே டியூஷன் எடுக்கறேன். ஏழாவது படிக்கிற பையன் ஒருத்தன், மிஸ் கணக்குல சம் போடுறோம் இங்கிலீஷ்ல சம்மரி எழுதுறோம் ரெண்டும் ஒண்ணான்னு கேட்டுட்டான், விட்டா சம்மர், சம்மன் எல்லாத்தையும் சேத்துக்குவான் போல. தெரிஞ்சவுக சொல்லுங்க.

வேர்ச்சொல் பித்தன்: சம்மும் சம்மரியும் பங்காளிதான் அக்கா. லத்தீன்ல சும்முஸ்னா உச்சில இருக்கறது, அதுலேர்ந்து வந்தது சும்மா (நம்ம சும்மா இல்ல!). ரோமாக்காரங்க எண்களை கீழேர்ந்து மேல கூட்டிக்கிட்டே போயி மொத்தத்தை உச்சில எழுதுவாங்க, அதனால மொத்தத்துக்கே சும்மான்னு பேராயிடுச்சு. மலை உச்சிக்கு சொல்ற சம்மிட்டும் இதே வேர்தான். சம்மர் பழைய இங்கிலீஷ் சொல், இதுல சேராது. சம்மனும் லத்தீன்தான் ஆனா வேற வேர், எச்சரிக்கிறதுங்கற அர்த்தத்துலேர்ந்து வந்தது.

கண்டனூரான்: நம்ம ஊர்ல இது புதுசா என்ன, ஐந்தொகைன்னு கேள்விப்பட்டதில்லையா ஆத்தா? பர்மா, மலாயா கடைகள்ல மேலாளா இருந்தவுக பேரேட்டுல உள்ள பற்று வரவையெல்லாம் கூட்டி ஐந்தொகை எடுத்து ஊருக்கு அனுப்புவாக, முதலாளி இங்கன வீட்டுல உக்காந்துக்கிட்டே அந்த ஒரு தாளை வச்சு கடை எப்படி போகுதுன்னு சொல்லிப்புடுவாக. பணத்துக்கும் தொகைங்கறோம், எட்டுத்தொகையும் தொகைதான், தொல்காப்பியம் நூல் செய்யற வழின்னு சொல்ற நாலுல முதல்ல வர்றதே தொகுத்தல்தான்.

குரூப் ஒன் கனவு: அதான் பாயிண்ட். சம்மரின்னா கூட்டறது, வெட்டறது இல்ல. வெட்டறதுக்கு பிரேசின்னு தனி சொல் இருக்கு, பிரெஞ்சு வழியா வந்தது, லத்தீன் மூலத்துக்கு அர்த்தமே முன்பக்கம் வெட்டினதுன்னுதான், பரீட்சைல மூணுல ஒரு பங்கா குறைக்கச் சொல்றாங்களே அதுதான். நம்ம பசங்க சம்மரி எழுதச் சொன்னா நடுவுல நாலு வரிய அடிச்சுட்டு மிச்சத்தை அப்படியே காப்பி பண்றாங்க, அது ரெண்டுலயுமே சேராது.

டியூஷன் அக்கா: ரொம்ப நன்றி. கண்டனூர் அண்ணே, ஐந்தொகை கதைய அப்படியே அவன்ட்ட சொல்லிடறேன். பிரேசிய மட்டும் சொல்ல மாட்டேன், ஸ்பெல்லிங்ல கடைசில எஸ் இருக்கே ஏன் மிஸ் சொல்லலைன்னு உடனே ஆரம்பிப்பான்.

வேர்ச்சொல் பித்தன்: பிரெஞ்சுல கடைசி எஸ் பெரும்பாலும் வாயே திறக்காதுன்னு சொல்லுங்க 😄