எஸ்எல்ஆர்என் திறந்த உடனே மூடிக்கொள்கிறது

பழையதிரை:
2024 பிப்ரவரி 22 முதல் கூகுள் குரூப்ஸில் யூஸ்நெட்டின் (இணையத்தின் பழைய விவாதக் குழுக்கள்) புதுப் பதிவுகள் வருவதில்லை. சரி, கருப்புத் திரைக்கே போவோம் என்று டெபியன் லினக்ஸில் எஸ்எல்ஆர்என் போட்டேன்; அந்தக் குழுக்களை வெறும் எழுத்தாகக் காட்டும் நிரல் அது. இடர்னல் செப்டம்பர் என்கிற யூஸ்நெட் சர்வரில் இலவசக் கணக்கும் வாங்கியாயிற்று. ஆனால் சேர்ந்த குழுக்களைக் குறித்து வைக்கும் நியூஸ்ஆர்சி கோப்பைக் காணோம் என்று சொல்லி மூடிக்கொள்கிறது. மடிக்கணினிக்கு வயது 12. பிரவுசரைத் திறந்தாலே விசிறி கிரைண்டர் மாதிரி இரைகிறது, அதனால்தான் இந்தப் பிடிவாதம்.

கட்டளைக்காரன்:
முதல் தடவை மட்டும் கட்டளைக்குப் பின்னால் இரண்டு கோடு போட்டு 'கிரியேட்' சேருங்கள். குழுப் பட்டியல் முழுக்க இறங்கும், அதற்குள் டீ போட்டுவிடலாம். அப்புறம் பெரிய 'எல்' அழுத்தினால் சேராத குழுக்களும் தெரியும். வேண்டியதில் நின்று சின்ன 'எஸ்'.

மௌனவாசகி:
எனக்கு இதே வேலையைச் செய்யும் டின் நிரல்தான் பழக்கம். ஆனாலும் பதிவுகளுக்கு மதிப்பெண் போட்டு வடிகட்டும் எஸ்எல்ஆர்என்னின் ஸ்கோர் வசதிக்கு ஈடில்லை. தொல்லை கொடுக்கிறவர் பதிவில் நின்று பெரிய 'கே' அழுத்தி, மைனஸ் 9999 கொடுங்கள். ஆள் இருக்கிற இடமே தெரியாது!

பழையதிரை:
திறந்துவிட்டது, நன்றி. சி மொழிக் குழுவில் ஒரே சண்டை, சுகமாக இருக்கிறது. தமிழ்த் தலைப்பு வந்தால் மட்டும் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம்.

கட்டளைக்காரன்:
அது டெர்மினலின், அதாவது அந்தக் கருப்புத் திரையின் கோளாறு. எம்எல்டெர்ம் என்கிற வேறு டெர்மினலில் திறந்து பாருங்கள்.