கலைச்சொல் விவாதம்: ‘சமூகம் சார்ந்த நீர்வடிப்பகுதி மேலாண்மை’ – மாற்றுச் சொல் தேவை

மடல் 1 – கையேட்டின் மொழிபெயர்ப்பாளர்

அன்புள்ள குழுமத்தாருக்கு,

நீர்வடிப்பகுதிக் குழு உறுப்பினர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அது அச்சுக்குப் போக வேண்டும். மழைநீர் ஒரே வாயிலை நோக்கி வடியும் நிலப்பரப்பான ‘வாட்டர்ஷெட்’ என்பதற்கு அரசுத் துறைகள் ஆளும் ‘நீர்வடிப்பகுதி’யையே வைத்திருக்கிறேன். ‘கம்யூனிட்டி பேஸ்டு’ என்பதைச் ‘சமூகம் சார்ந்த’ என்று எழுதத்தான் தயக்கமாக இருக்கிறது. பேச்சு வழக்கில் ‘எங்கள் சமூகம்’ என்றால் பெரும்பாலும் சாதிதான். முகட்டு நிலத்தில் கால்நடைகளை விடுவதில்லை என்று மக்கள் தாமாக ஏற்கும் ஒழுங்கை ‘சோஷியல் ஃபென்சிங்’ என்கிறார்கள். அதைச் ‘சமூக வேலி’ என்று பெயர்த்தால் என்னவாகப் படிக்கப்படும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

மடல் 2 – தமிழாசிரியர்

ஐயா, ‘நீர்வடிப்பகுதி’யையே முதலில் மாற்ற வேண்டும். வடிதல் என்பது நீர் நம்மை விட்டு நீங்குவது. வடிகால் என்ற சொல்லைப் பாருங்கள். நாம் செய்ய நினைப்பதோ நீரை நிறுத்துவது. ‘நிலன்நெளி மருங்கின் நீர்நிலை பெருகத் தட்டோர்’ என்கிறது புறநானூற்றின் 18ஆம் பாட்டு. நிலம் குழிந்த இடத்தில் நீரைத் தளைத்தவர்களே, அதாவது கட்டி நிறுத்தியவர்களே, தட்டோர். அந்த வேரிலிருந்து ‘நீர்த்தளை’ என்று படைப்போம். ‘பகுதி’யைப் பற்றியும் ஒரு குறிப்பு: பகு என்னும் வினையில் பிறந்து பங்கைக் குறிக்கும் பகுதி வேறு, விகுதியோடு இணைத்துச் சொல்லப்படும் இலக்கணப் பகுதி வடமொழி ‘பிரகிருதி’யின் வழி வந்தது என்பர். எனவே ‘பகுதி’யை நான் மறுக்கவில்லை, ‘வடி’யைத்தான் மறுக்கிறேன்.

மடல் 3 – நீரியல் பொறியாளர்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம். ‘வடி’தான் இங்கே உயிர்ச்சொல். சுற்றியுள்ள முகடுகளுக்குள் விழும் மழை முழுவதும் ஒரே வாயில் வழியாக வெளியேறும் நிலப்பரப்பு என்பதே நீர்வடிப்பகுதியின் வரையறை. ஆங்கிலத்திலேயே குழப்பம் உண்டு: பிரித்தானிய வழக்கில் ‘வாட்டர்ஷெட்’ என்ற சொல் இரு வடிநிலங்களைப் பிரிக்கும் மேட்டையும், அமெரிக்க வழக்கில் அம்மேடு சூழ்ந்த நிலத்தையும் குறிக்கும். மேட்டுக்கு ‘நீர்ப்பிரிமேடு’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. வடியும் திசை தெரிந்தால்தான் வேலையின் வரிசையும் விளங்கும். முகட்டுச் சரிவில் சமமட்ட அகழி (சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் வெட்டும் பள்ளம்), ஓடைகளில் கல் தடுப்பு, அதன் பிறகு கீழே பண்ணைக்குட்டை, தடுப்பணை. மேட்டை விட்டுவிட்டுத் தடுப்பணையை முதலில் கட்டினால், அரித்து வரும் மண் அதை விரைவில் தூர்த்துவிடும். ‘நீர்த்தளை’ என்றால் படிப்பவர் கைவிலங்கையோ செய்யுள் இலக்கணத்தின் வெண்டளையையோ நினைப்பார்.

மடல் 4 – களப்பணியாளர்

‘வடி’யோ ‘தளை’யோ, குழுக் கூட்டத்துக்கு வருபவர்கள் பழகிக்கொள்வார்கள். மக்களைக் குறிக்கும் சொல்லே எனக்குக் கவலை தருகிறது. முகட்டை மூடினால் முதலில் இழப்பது ஆடு வளர்ப்பவர்களும் விறகு பொறுக்கும் பெண்களும்; கிணற்றில் நீர் ஏறினால் முதலில் பெறுவது கீழே நிலம் வைத்திருப்பவர்கள். சண்டிகரின் சுக்னா ஏரியைத் தூர்த்துக்கொண்டிருந்த சிவாலிக் மலை மண்ணைத் தடுக்க, 1970களில் சுகோமாஜ்ரி ஊரார் மேய்ச்சலைத் தாமே நிறுத்தினார்கள் என்றால், தேக்கிய நீரில் நிலமற்ற குடும்பத்துக்கும் சம பங்கு என்று முடிவானது அதற்கு முக்கியக் காரணம். அந்தப் பங்குதான் அங்கே வேலியாக நின்றது. ஆகவே ‘பங்கு’ என்னும் சொல் தலைப்பிலேயே தெரிய வேண்டும்.

மடல் 5 – மொழிபெயர்ப்பாளர்

‘ஊர்மக்கள் பொறுப்பிலான நீர்வடிப்பகுதி மேலாண்மை’, ‘சமூக வேலி’க்கு ‘ஊர்க்கட்டுப்பாடு’ – இவை பொருந்துமா?

மடல் 6 – களப்பணியாளர்

பொருந்தாது ஐயா. ஊரும் சேரியும் என்று பிரித்துச் சொல்லும் நாட்டில் ‘ஊர்மக்கள்’ எல்லாரையும் குறிக்காது. ஊர்க்கட்டுப்பாட்டின் பெயரால் ஒதுக்கிவைக்கப்பட்டவர்கள் அச்சொல்லை நம்ப மாட்டார்கள். தவிர, நீர்வடிப்பகுதியின் எல்லை ஊரெல்லையோடு ஒத்துப்போவதுமில்லை. ஓர் ஓடைக்குள் இரண்டு மூன்று ஊர்களின் நிலம் வரும்.

மடல் 7 – தமிழாசிரியர்

களப்பணியாளர் அம்மா சொல்வது சரி. ஆனால் ‘பங்கேற்பு’ என்று போய்விட வேண்டாம். பிறர் நடத்தும் நிகழ்வுக்குப் போய் வருவதும் பங்கேற்புதான். ‘மக்கள் பங்குரிமை’ என்றால் உரிமையும் சேர்ந்து நிற்கும்.

மடல் 8 – மொழிபெயர்ப்பாளர்

‘நீர்வடிப்பகுதி’க்கே பெரும்பாலோர் இசைந்ததால் அதுவே நிற்கும். தலைப்பு ‘மக்கள் பங்குரிமையில் நீர்வடிப்பகுதி மேலாண்மையும் வாழ்வாதாரமும்’ என அமையும். ‘சோஷியல் ஃபென்சிங்’ வரும் இடங்களில் ‘மேய்ச்சல் உடன்பாடு’ என்று எழுதுகிறேன்.

மடல் 9 – நீரியல் பொறியாளர்

‘மேய்ச்சல் உடன்பாடு’ மரம் வெட்டுவதையும் விறகு எடுப்பதையும் விட்டுவிடுகிறது. அச்சுக்கு இடையூறு செய்யவில்லை, ஆனால் என் மறுப்பைப் பதிவு செய்கிறேன்.