வசனம் இணைக்கிற பயிற்சித்தாள் யாரிடமாவது இருக்கா?

எல்லாருக்கும் வணக்கம். விசுவமடுப் பக்கம் பின்னேரங்களில் தரம் 10, 11 பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். வசனங்களை இணைக்கிற சொற்களில் அன்ட், பட், ஓர் வரைக்கும் பிரச்சினையில்லை. 'இருந்தாலும்' என்று பொருள்படுகிற ஓல்தோ வந்தவுடன்தான் வகுப்பே நின்றுவிடுகிறது. "ஓல்தோ இட் ரெயின்ட், பட் வீ வென்ட் டு ஸ்கூல்" என்றுதான் முக்கால்வாசிப் பேர் எழுதுகிறார்கள். ஓல்தோ இருந்தால் பட் வேண்டாம், கொமா போட்டுவிட்டு நேரே போ என்றால் நன்றாகத் தலையாட்டுவார்கள். அடுத்த நாள் கொப்பியில் பிகோஸும் சோவும் ஒரே வசனத்தில் நிற்கும். அதுகூடப் பரவாயில்லை, டிஸ்பைட்டுக்குப் பிறகு முழு வசனம் வராது, "டிஸ்பைட் த ரெயின்" என்று பெயர்ச்சொல்லோ ஐஎன்ஜி போட்ட வினையோதான் வரவேணும் என்பதையும், அன்லெஸ்ஸுக்குள்ளேயே 'இல்லாவிட்டால்' இருப்பதால் பக்கத்தில் இன்னொரு நொட் போட்டால் கருத்தே தலைகீழாகிவிடும் என்பதையும் எப்படித்தான் பதிய வைப்பது?

இரண்டு வசனத்தைக் கொடுத்து ஒன்றாக்கச் சொல்கிற பயிற்சித்தாள் ஆசிரியர்மார் யாரிடமாவது இருந்தால் பகிருங்கோ. லண்டன், பனிமூட்டம் எல்லாம் வேண்டாம். இரணைமடுக் குளத்து வான்கதவு திறந்தது, அறுவடை, பஸ் வராதது என்று பிள்ளைகளுக்குத் தெரிந்த விஷயமாக இருந்தால் நல்லது. விளக்கம் தமிழில் இருக்கட்டும். ஃபோனில் படம் பிடித்து அனுப்பினாலும் சரி, வீடியோ மட்டும் வேண்டாம், இங்கே சிக்னல் வந்து வந்து போகிறது. வேறு விதமாகச் சொல்லிக் கொடுத்துப் பலன் கண்டவர்கள் அதையும் கீழே எழுதுங்கோ.