புதுப்பிப்பு: பெரிய சாலையை நடைபாதை முந்துவது எப்படி?

அமெரிக்காவில் உள்ளூர்ப் போக்குவரத்துத் திட்டங்களுக்கு மதிப்பெண் போட்டு நிதி ஒதுக்குவதைப் பற்றிப் போன இழையில் எழுதியிருந்தேன். "பயன் அதிகமுள்ள சாலை விரிவாக்கம் ஏன் பட்டியலில் கீழே போகிறது?" என்று பலர் கேட்டீர்கள். விடை வகுத்தலில் இருக்கிறது.

வர்ஜீனியா மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். திட்டங்களுக்கு மதிப்பெண் போடச் சொல்லி 2014-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு அங்கே பாதுகாப்பு, நெரிசல், வேலைக்குப் போய்வரும் வசதி, பொருளாதாரம், சுற்றுச்சூழல் எனப் பலவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. எதற்கு எவ்வளவு எடை என்பது பகுதிக்குப் பகுதி மாறும். வந்த மொத்தத்தைத் திட்டத்துக்காகக் கேட்கும் நிதியால் வகுக்கிறார்கள். உதாரணத்துக்கு, 20 மில்லியன் டாலர் கேட்டு 60 மதிப்பெண் வாங்கிய சாலைக்கு மில்லியனுக்கு 3தான். 2 மில்லியன் கேட்டு 12 வாங்கிய நடைபாதைக்கு 6. ஊராட்சி தன் கைப்பணத்தையும் போட்டால் கேட்கும் தொகை குறையும், திட்டம் மேலே ஏறும். இது எனக்கு உறுத்துகிறது. வசதியான ஊருக்கு அது சுலபம், இல்லாத ஊர் என்ன செய்யும்?

அப்புறம், மதிப்பெண்ணே ஒப்பீடுதான். பெரும்பாலான அளவுகோல்களில் முதலிடம் பிடிக்கும் திட்டத்துக்கு 100 கொடுத்து, மற்றவற்றை அதோடு ஒப்பிட்டுப் போடுகிறார்கள். கூடப் போட்டியிடுபவை மாறினால், அதே திட்டத்துக்கு அடுத்த சுற்றில் வேறு மதிப்பெண் வரும்.

சரி, மதிப்பெண்தான் இறுதித் தீர்ப்பா? இல்லை. முடிவெடுப்பது மாநிலப் போக்குவரத்து வாரியம். அதற்கு முன் கூட்டம் போட்டுப் பொதுமக்களிடம் கருத்தும் கேட்கிறார்கள். உங்கள் ஊர்த் திட்டம் பட்டியலில் இருந்தால், அந்தக் கூட்டத்துக்குப் போய்ப் பேசுங்கள்.